படிப்பா, பாட்டா? – நாஸியா ஹஸனின் ஐந்து அல்பங்கள்

ஒரு பெண் பிள்ளையிடம் ஏதோவொரு திறமை இருக்கிறது என்று தெரிந்தவுடன் நம் வீடுகளில் இரண்டு வசனங்கள் கேட்கத் தொடங்கும். "முதலில் படிப்பை முடி, மற்றதைப் பிறகு பார்ப்போம்" என்பது ஒன்று. "இதெல்லாம் எத்தனை நாளைக்கு?" என்பது மற்றது. இரண்டையும் நம்மீது அக்கறை உள்ளவர்கள்தான் சொல்கிறார்கள். ஆனால் இவற்றைக் கேட்டுக் கேட்டே கவிதை எழுதியவள் கொப்பியை மூடி வைக்கிறாள். ஓவியம் வரைந்தவள் தூரிகையைத் தங்கைக்குக் கொடுத்து விடுகிறாள். மேடையில் பேசியவள் பார்வையாளர் வரிசைக்குப் போய்விடுகிறாள்.

இந்த இரண்டு வசனங்களுக்கும் ஒரு பாடகியின் அல்பங்களை வைத்து என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். அவர் பாகிஸ்தானின் நாஸியா ஹஸன். ஒன்றை முதலிலேயே சொல்லி விடுகிறேன். இசை பற்றிய மார்க்கத் தீர்ப்பைச் சொல்லும் தகுதி எனக்கில்லை. அது உலமாக்களின் துறை. நான் பேச வருவது ஓர் இளம்பெண் தன் திறமையையும் தன் படிப்பையும் எப்படி ஒரே கையில் பிடித்திருந்தாள் என்பதைப் பற்றி. பாட்டு என்று நான் சொல்லும் இடங்களில் கவிதை, ஓவியம், பேச்சு, விளையாட்டு என்று எதை வேண்டுமானாலும் வைத்து வாசித்துக்கொள்ளலாம்.

நாஸியா 1965 ஏப்ரல் 3ஆம் திகதி கராச்சியில் பிறந்தவர். கராச்சியிலும் லண்டனிலுமாக வளர்ந்தவர். லண்டனில் பள்ளி மாணவியாக இருந்தபோது ஒரு விருந்தில் ஹிந்தித் திரைப்பட நடிகரும் இயக்குநருமான பிரோஸ் கானைச் சந்திக்கிறார். அவர் அப்போது 'குர்பானி' என்ற படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். படத்தின் மற்றப் பாடல்களுக்குக் கல்யாண்ஜி - ஆனந்த்ஜி இசையமைத்திருந்தார்கள். ஒரே ஒரு பாடல் மட்டும் பிட்டு என்ற இசையமைப்பாளரிடம் போனது. பிட்டு பெங்களூரில் பிறந்து லண்டனில் குடியேறியவர். 1974இல் கார்ல் டக்ளஸ் பாடிய 'குங்பூ பைட்டிங்' பாடலைத் தயாரித்து உலகப் புகழ் பெற்றிருந்தவர். அவருடைய இசையில் நாஸியா பாடிய 'ஆப் ஜைஸா கோய்' 1980இல் படத்தோடு வெளிவந்தது. மறு வருடம் அந்தப் பாடலுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான பிலிம்பேர் விருது 15 வயது மாணவி ஒருவருக்குக் கிடைத்தது. அதுவரை அந்த விருதை அவ்வளவு சிறிய வயதில் எவரும் பெற்றிருக்கவில்லை.

அந்தக் குரலைப் பற்றி அன்றும் குறை சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். மூக்கால் பாடுகிறார், முறையான பயிற்சி இல்லை, குரலில் கனமில்லை என்பார்கள். லதா மங்கேஷ்கரையும் ஆஷா போஸ்லேயையும் கேட்டுப் பழகிய காதுக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் அந்தப் பாடலைக் கவனித்துக் கேளுங்கள். தாளம் துள்ளிக்கொண்டிருக்கும், குரல் துள்ளாது. வாத்தியங்கள் அவசரப்படும், அவர் அவசரப்படமாட்டார். வகுப்பில் பக்கத்து மேசைத் தோழி தனக்குள் முணுமுணுப்பது போல இருக்கும். அந்தக் குரலை ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்து பிட்டு அதற்குத் தடிப்புக் கொடுத்தார். குரலை மாற்ற முயலாமல், அதன் மெல்லிய தன்மையை வைத்துக்கொண்டே அதற்கு ஏற்ற இசையைச் சுற்றிலும் கட்டினார். ஒரு பிள்ளையின் திறமையை அதன் இயல்பிலேயே வளர்ப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நாமோ பேச்சுப் போட்டிக்குப் பிள்ளையைப் பழக்கும்போது முதலில் அவளுடைய சொந்தக் குரலைத்தான் எடுத்து விடுகிறோம்.

இனி அல்பங்களுக்கு வருவோம். 1981இல் வந்தது 'டிஸ்கோ தீவானே'. அதில் சகோதரர் ஸொஹைப் ஹஸனும் சேர்ந்து பாடினார். இசை பிட்டுவுடையது. இந்த அல்பத்தின் பெறுமதியை விளங்க அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அன்றைய இந்தியாவில் பாடல் என்றால் பெரும்பாலும் சினிமாப் பாடல்தான். கஸல், கவ்வாலி, பக்திப் பாடல் என்று தனி வகைகள் இருந்தன. ஆனால் இளைஞர்கள் வாங்கிக் கேட்கும் துள்ளிசைப் பாடலுக்குப் படம் ஒன்று வேண்டியிருந்தது. பின்னணிப் பாடகி திரைக்குப் பின்னால் நின்று, வேறொருவர் முகத்துக்காக, வேறொருவர் கதைக்காகப் பாட வேண்டும். பாடல் பிரபலமானால் அது நடிகையின் பாடலாகவே ஊரில் பேசப்படும். நம் நாட்டில் எழுபதுகளில் ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் போன்றவர்களின் பொப்பிசைப் பாடல்கள் எந்தப் படத்திலும் இல்லாமலே வீதிக்கு வீதி ஒலித்ததால் இதன் புதுமை நமக்கு உடனே பிடிபடாமல் போகலாம்.

'டிஸ்கோ தீவானே' அந்த ஒழுங்கை உடைத்தது. அதற்குக் கதையில்லை, கதாநாயகியில்லை. பாடியவரின் பெயரும் முகமுமே அட்டையில் இருந்தன. படம் ஒன்றின் துணை இல்லாமல் ஓர் அல்பம் எல்லைக்கு இரண்டு பக்கமும் வீடுகளுக்குள் போனது. பின்னால் தொண்ணூறுகளில் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பொப் அல்பங்கள் பெருகியபோது அவை நடந்த பாதையை முதலில் வெட்டியவர்களில் ஒருவர் இந்த 16 வயதுப் பெண்.

1982இல் 'பூம் பூம்' வந்தது. அதன் பாடல்கள் 'ஸ்டார்' என்ற ஹிந்திப் படத்தில் பயன்படுத்தப்பட்டன. படம் ஓடவில்லை; பாடல்கள் ஓடின. 1984இல் 'யங் தரங்'. பாடல்களுக்கென்றே வீடியோக்கள் எடுத்து வெளியிடப்பட்ட முதல் பாகிஸ்தானிய அல்பம் என்று அதைச் சொல்வார்கள். 1987இல் 'ஹொட்லைன்'. 1992இல் 'கெமரா கெமரா'. அத்தோடு முடிந்தது. மொத்தம் ஐந்து அல்பங்கள்.

பட்டியல் இவ்வளவுதான். ஆனால் இந்த ஐந்து ஆண்டு எண்களை ஒரு தாளில் எழுதி, நடுவில் எத்தனை வருடம் என்று குறித்துப் பாருங்கள். முதல் அல்பத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையில் ஒரு வருடம். அடுத்து இரண்டு. அடுத்து மூன்று. கடைசியாக ஐந்து. இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. வியாபாரக் கண்ணால் பார்ப்பவர் இதை இறங்குமுகம் என்பார். "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளத் தெரியாத பெண்" என்று சொல்லவும் கூடும்.

எனக்கு அந்த இடைவெளிகள் வெறுமையாகத் தெரியவில்லை. அவற்றுக்குள் ஒரு மாணவி இருக்கிறாள். நாஸியா லண்டனில் உள்ள ரிச்மண்ட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகமும் பொருளியலும் படித்துப் பட்டம் பெற்றார். பிறகு லண்டன் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார். 1991இல் நியூயோர்க்கில் ஐக்கிய நாடுகள் சபையின் தலைமையகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஓர் இசைத்தட்டு நிறுவனத்துக்கு வருடம் ஒரு அல்பம் தேவை. ஒரு சட்ட மாணவிக்குப் பரீட்சைக்கு நேரம் தேவை. இந்த இரண்டில் எது காத்திருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தபோது காத்திருந்தது பெரும்பாலும் அல்பம்தான்.

இங்கே ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். இதற்கு ஒரு விலை இருந்தது. 'டிஸ்கோ தீவானே' உண்டாக்கிய பரபரப்பைப் பின்னால் வந்த எதுவும் உண்டாக்கவில்லை. 'கெமரா கெமரா' வந்தபோது கேட்பவர்களின் ரசனை வேறு பக்கம் திரும்பியிருந்தது. 'படிப்பும் பாட்டும் இரண்டும் முழுமையாகக் கிடைக்கும், கவலைப்படாதே' என்று நான் யாருக்கும் பொய் சொல்ல மாட்டேன். இரண்டையும் வைத்திருப்பவளுக்கு இரண்டிலும் கொஞ்சம் குறையும். ஆனால் "ஒன்றை முற்றாக விட்டால்தான் மற்றது" என்று நாம் சொல்லி வருகிறோமே, அது உண்மையில்லை என்பதற்கு இந்த ஐந்து அல்பங்களும் இரண்டு பட்டங்களும் சாட்சி.

பாடாத வருடங்களிலும் அவர் இசையை விட்டு முற்றாக விலகி நிற்கவில்லை. 1977இலிருந்து 1988 வரை பாகிஸ்தானில் ஜெனரல் ஸியாவுல் ஹக்கின் ஆட்சி. அந்தக் காலத்துத் தொலைக்காட்சியில் இளைஞர் இசைக்கு மிகக் குறைந்த இடமே இருந்தது. ஆட்சி மாறிய பிறகு 1989இல் பாகிஸ்தான் தொலைக்காட்சிக்காக ஷுஐப் மன்சூர் தயாரித்த 'மியூசிக் 89' நிகழ்ச்சியை நாஸியாவும் ஸொஹைபும் தொகுத்து வழங்கினார்கள். 'வைட்டல் சைன்ஸ்' போன்ற புதிய குழுக்கள் அந்த மேடையில் நாடறியத் தோன்றின. முன்னால் போனவர் பின்னால் வருபவர்களுக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பது எல்லோருக்கும் வருவதில்லை. தான் பிரபலமாக இருக்கும் துறையில் இன்னொருவரை அறிமுகப்படுத்துவதற்கு மனம் பெரிதாக இருக்க வேண்டும்.

கடைசி அல்பமும் எனக்கு முக்கியமானது. 'கெமரா கெமரா' போதைப்பொருளுக்கு எதிரான பிரசாரத்தோடு சேர்த்தே வெளியிடப்பட்டது. அதற்கு முன்பே, இதுதான் எங்கள் கடைசி அல்பம் என்று இருவரும் அறிவித்து விட்டார்கள். பிற்பாடு பிட்டு 'மேட் இன் இந்தியா' என்ற பாடலை முதலில் நாஸியாவிடமே கொண்டு போனதாகவும், தன் நாட்டு மக்களின் மனம் நோகக்கூடும் என்று அவர் மறுத்ததாகவும் சொல்வார்கள். 1995இல் அதை அலிஷா சினாய் பாட, அது இந்தியாவெங்கும் பெரும் வெற்றி பெற்றது. கைக்கு வந்த வெற்றியை இவர் விட்டு விட்டாரே என்று சிலர் பரிதாபப்படுகிறார்கள். பாடுவதற்கு 'ஆம்' சொன்னவளுக்கு 'போதும்' என்று சொல்லவும் தெரிந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

இந்த இடத்தில் தோழியர் சிலர் என்னை மறிப்பார்கள். "அவர் வசதியான வீட்டுப் பிள்ளை. லண்டனில் வளர்ந்தவர். நம் ஊரில் இது நடக்குமா?" என்பார்கள். நியாயமான கேள்வி. அவருடைய தந்தை வர்த்தகர், தாயார் சமூக சேவையாளர். பெரிய இசையமைப்பாளரும் நல்ல ஒலிப்பதிவுக் கூடமும் நமக்கு அயல் வீட்டில் இல்லை. ஆனால் அந்த வீடு அவருக்குக் கொடுத்தவற்றில் பணம் செலவாகாதவையும் இருந்தன. பிள்ளையின் திறமையை வெட்கப்பட வேண்டிய ஒன்றாகப் பெற்றோர் நினைக்கவில்லை. சகோதரனும் சகோதரியும் ஒன்றாகவே மேடைக்குப் போனார்கள், ஒன்றாகவே திரும்பி வந்தார்கள். புகழ் வந்தபோது படிப்பை நிறுத்தவுமில்லை, படிப்பு வந்தபோது பாட்டைப் பூட்டி வைக்கவுமில்லை. இவற்றுக்கு லண்டன் தேவையில்லை. அக்குறணையிலும் காத்தான்குடியிலும் புத்தளத்திலும் உள்ள ஒரு சாதாரண வீட்டுக்கும் இவை இயலும்.

என் சாச்சியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவர் பள்ளிக்கூடக் காலத்தில் தமிழ்த் தினப் போட்டியில் தனிப் பாடலுக்கு மாகாண மட்டத்தில் முதலிடம் பெற்றவர். அந்தச் சான்றிதழ் பிளாஸ்ரிக் உறையில் போட்டபடி இன்னும் அவருடைய அலுமாரியில் இருக்கிறது. உயர்தரத்துக்குப் பிறகு அவர் பாடியதை யாரும் கேட்டதில்லை. "யாராவது வேண்டாம் என்றார்களா சாச்சி?" என்று ஒரு நாள் கேட்டேன். "இல்லை புள்ள, வேண்டாம் என்று ஒருத்தரும் சொல்லல்ல. பாடு என்றும் ஒருத்தரும் சொல்லல்ல" என்றார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சோற்றுப் பானையை இறக்கி வைத்துக்கொண்டே சொன்னார்.

நாஸியாவும் பாடுவதை நிறுத்தினார், என் சாச்சியும் நிறுத்தினார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஆனால் ஒருவர் ஐந்து அல்பங்கள் வெளியிட்டு, படித்து முடித்து, யோசித்து, அறிவித்து விட்டு நிறுத்தினார். மற்றவர் எப்போது நிறுத்தினார் என்று அவருக்கே தெரியாது. நான் வாதாடுவது இந்த வித்தியாசத்துக்காகத்தான். எல்லாப் பிள்ளைகளும் ஆயுள் முழுதும் பாட வேண்டும், எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது என்பது அவளுக்குத் தெரிந்து, அவளுடைய வாயால் சொல்லப்பட வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன்.

நாஸியாவை நினைவு கூரும் கட்டுரைகள் மீதும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அவர் நுரையீரல் புற்றுநோயால் 2000 ஓகஸ்ட் 13ஆம் திகதி லண்டனில் காலமானார். வயது 35. துயரமான முடிவுதான், அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்து நற்பதவி வழங்கட்டும். ஆனால் அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அந்த மரணத்திலிருந்தே தொடங்குகிறார்கள். நோய், குடும்ப வாழ்க்கை, கண்ணீர் என்று பக்கங்கள் நிறைகின்றன. பாடல்களுக்கு நான்கு வரி மிஞ்சுகிறது. ஓர் ஆண் கலைஞரைப் பற்றி எழுதும்போது அவருடைய படைப்புகளைப் பட்டியலிடுவோம். பெண் கலைஞரைப் பற்றி எழுதும்போது அவருடைய துன்பங்களைப் பட்டியலிடுவோம். இது இரக்கம் போலத் தோன்றினாலும் அவருடைய உழைப்பை மறைக்கும் காரியம். 2002இல் பாகிஸ்தான் அரசாங்கம் அவருக்கு மரணத்துக்குப் பிந்திய உயர் கௌரவ விருதை வழங்கியது. 2012இல் 'ஸ்டூடன்ட் ஒப் த இயர்' என்ற ஹிந்திப் படத்தில் 'டிஸ்கோ தீவானே' புதிய வடிவில் ஒலித்தபோது அவருடைய குரலும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. அவர் போய்ப் பன்னிரண்டு வருடங்களுக்குப் பிறகும் அந்தக் குரலைத் தேடி ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்றால் அது அவர்மீது கொண்ட பரிதாபத்தால் அல்ல.

"இதெல்லாம் எத்தனை நாளைக்கு?" என்ற கேள்விக்கும் அதுவே என் பதில். எத்தனை நாள் என்பது தொடக்கத்தில் யாருக்கும் தெரியாது. 16 வயதுப் பெண் ஒருத்தி பாடும்போது அது நாற்பது வருடங்களுக்கு மேல் கேட்கப்படும் என்று எண்ணிப் பாடியிருக்க மாட்டாள். அந்த நேரத்தில் அவளால் இயன்றதை நன்றாகச் செய்தாள். அது பதிவாகி இருந்தது. பதிவாகி இருந்ததால் நிலைத்தது.

இந்தப் பதிவு என்ற விடயத்தில்தான் நாம் மிகவும் பின்தங்கியிருக்கிறோம். நம் கல்லூரியில் ஒவ்வொரு வருடமும் எத்தனை பிள்ளைகள் கவிதை பாடுகிறார்கள், கஸீதா ஓதுகிறார்கள், நாடகம் எழுதுகிறார்கள்! போட்டி முடிந்ததும் வெற்றிக் கிண்ணம் அதிபரின் அறைக்குப் போகும், பிள்ளை வகுப்புக்குப் போவாள், அவள் எழுதியதும் பாடியதும் காற்றோடு போகும். பத்து வருடங்களுக்கு முன் முதலிடம் பெற்ற கவிதை இன்று யாரிடம் இருக்கிறது? மண்டபத்தில் கிண்ணங்களுக்குக் கண்ணாடி அலுமாரி இருக்கிறது. அவற்றை வென்ற ஆக்கங்களுக்கு நூலகத்தில் ஒரு தட்டாவது வேண்டாமா? எழுத்துக்களை ஒரு கோவையில் சேர்த்து வைக்கலாம். ஓதியதையும் பேசியதையும் ஒலிப்பதிவு செய்து கல்லூரிக் கணினியில் வருட வாரியாகப் போடலாம். பழைய மாணவிகள் சங்கம் வரும்போது அன்று பரிசு பெற்றவர்களை அழைத்து, "இப்போது என்ன எழுதுகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்கலாம். இவற்றில் எதுவும் பெரிய செலவில்லை.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். "முதலில் படிப்பை முடி" என்று சொல்லுங்கள், அதில் பிழையில்லை. படிப்பை நாங்களும் விட்டுவிடப் போவதில்லை. ஆனால் அதே மூச்சில் "மற்றதை என்ன செய்யப் போகிறாய்?" என்றும் கேளுங்கள். பரீட்சைக் காலத்தில் கொப்பியை மூடி வைக்கச் சொன்னால், பரீட்சை முடிந்த அன்று அதைத் திறக்கச் சொல்பவரும் நீங்களாக இருங்கள். என் சாச்சிக்குக் கிடைக்காதது அந்த இரண்டாவது கேள்விதான்.

தோழியரே, நாஸியாவின் ஐந்து அல்பங்களையும் கேட்க வேண்டுமா, வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். அவற்றின் ஆண்டுகளை மட்டும் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள்: 1981, 1982, 1984, 1987, 1992. உயர்தரப் பரீட்சையோ, பல்கலைக்கழகமோ, வேலையோ, வீட்டுப் பொறுப்போ வந்து உங்கள் கொப்பி ஒரு வருடம், மூன்று வருடம், ஐந்து வருடம் மூடிக் கிடந்தால், அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து விடாதீர்கள். ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகும் ஓர் அல்பம் வந்திருக்கிறது.